காத்யூஷாவின் கோபம்

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலை மூன்றாம் தடவையாக நான் படித்தது தேனியிலிருந்து இராயப்பன்பட்டிக்குப் போகிற பஸ்ஸில். போன காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அவ்வூர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், என் நண்பரின் தமக்கை. அவருடைய துக்கம் ஒன்றை, பெயரை மட்டும் மாற்றி, நான் கதையாக்கிவிட்டேன். ஊரார் கண்டுகொண்டார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

1899இல் வெளிவந்த அந்த நாவலின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. காத்யூஷாவைக் கெடுத்து, நூறு ரூபிளைக் கையில் திணித்துவிட்டுப் போன பிரபு நெஹ்லூதவ், பல வருஷங்களுக்குப் பிறகு அவள் கொலை வழக்கில் ஜூரியாக உட்கார நேர்கிறது. சிறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறான். அவள் சீறுகிறாள். அன்று தன்னை வைத்துச் சுகம் தேடியவன், இன்று தன்னை வைத்தே ஆத்மாவைக் கரையேற்றிக்கொள்ளப் பார்க்கிறான் என்பதுதான் அவள் கோபம்.

முடிவில் அவன் மத்தேயு சுவிசேஷம் படித்துத் தெளிவதில் பிரசங்க வாடை அடிக்கிறது. எனக்கு அது ருசிக்கவில்லை. ஆனால் இந்தச் சிறைக் காட்சி ஒன்றே போதும். மன்னிப்புக் கேட்பதும் ஒருவகைப் பிடுங்கலாகலாம் என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன நாவலை நான் அதிகம் படித்ததில்லை.

கிறிஸ்தவ தர்மம் இதை அறியாததல்ல. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகச் சொல்வதும் அதே மத்தேயுதான். சகேயு தான் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தான். குருவானவர் பாவத்தை மன்னித்தாலும், திருடியதைத் திருப்பித் தரவேண்டும், கெடுத்த பெயரைச் சீர்செய்யவேண்டும் என்பதே கத்தோலிக்கப் போதனை. அந்தச் சடங்கின் முறையை 1973இல் ரோமாபுரி திருத்தி அமைத்தது. முன்பு பாவசங்கீர்த்தனம் என்றிருந்ததை இன்று ஒப்புரவு என்கிறார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக்கிய சொல் அது. பாவத்தைச் சொல்லித் தீர்த்துவிடலாம். ஒப்புரவுக்கு இன்னொரு மனிதர் வேண்டும்.

அக்கா வாசலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். திராட்சை விலையைப் பற்றிப் பேசினார். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்:

"அந்தப் புஸ்தகம் இன்னும் கடையில கிடைக்குதா, தம்பி?"

கிடைக்கிறது என்றேன். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கொண்டுபோன வார்த்தைகளும் நெஹ்லூதவின் நூறு ரூபிளும் ஒரே ஜாதி என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த பதிப்பில் அந்தக் கதை இல்லை. விற்றுப்போன பிரதிகளை என்ன செய்வது? அதற்கு ஈடு எனக்குத் தெரியவில்லை.

காத்யூஷா கடைசியில் நெஹ்லூதவை மணக்க மறுத்து ஸைமன்ஸனோடு போகிறாள். அவள் போகும் வழியை அவளே தீர்மானிக்கும்படி விட்டதில்தான் டால்ஸ்டாயின் பெருமை இருக்கிறது. அக்கா என்னை மன்னித்தாரா என்று நானும் கேட்கப் போவதில்லை.