மனதுருகிய மூவர்

நன்னெறிப் பாடம் நடத்தும் ஆசிரியர் பலரும் நல்ல சமாரியன் கதையை அறிவர். கதையைச் சொல்லி முடித்து, ஆபத்தில் இருப்போர்க்கு உதவுக என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது என்பது நம் வழக்கம். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில் யானும் அவ்வாறே செய்தவன். சைவக் குடியிற் பிறந்தவன் யான். ஆயினும் லூக்காவின் நற்செய்தியை ஓர் இலக்கியமாகப் பன்முறை பயின்றபின், அக்கரும்பலகை வாசகம் கதையின் பாதியைக்கூடத் தொடவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

கடவுளைப் போல ஆகுக என்பது கிறிஸ்தவ வாழ்க்கைக்கு இடப்பட்ட கட்டளை. எதில் அவரைப் போல ஆவது? வல்லமையிலா, அறிவிலா? பகைவரையும் நேசிக்கச் சொன்ன போதனையின் முடிவில், தந்தையைப் போல நிறைவுடையவராகுங்கள் என்னும் கருத்தை மத்தேயு வைக்கிறார். அதே இடத்தில் லூக்கா வைப்பது இரக்கம். மத்தேயுவிலும் அதற்குச் சற்று முன்னே நல்லோர் தீயோர் என்னாது எழும் ஞாயிறும் பெய்யும் மழையும் பேசப்படுதலின், இரண்டும் முரணல்ல. எனினும் லூக்கா அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. தம் நூல் முழுதும் அதற்கு உரை வரைந்துகொண்டே செல்கிறார்.

அவ்வுரையைக் காண ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தால் போதும். ஏழாம் அதிகாரத்தில், நாயீன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த கைம்பெண்ணைக் கண்டு இயேசு மனதுருகுகிறார். பத்தாம் அதிகாரத்தில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு சமாரியன் மனதுருகுகிறான். பதினைந்தாம் அதிகாரத்தில் சொத்தை அழித்துத் திரும்பும் மகனைத் தொலைவிலேயே கண்டு தகப்பன் மனதுருகுகிறான். மூன்றிடத்தும் கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல். லூக்காவின் நற்செய்தியில் அச்சொல் வேறெங்கும் இல்லை. மூன்றிடத்தும் ‘கண்டு’ என்பது முதலில் வருகிறது. உருக்கம் அதன்பின் வருகிறது. ஊதாரி மகனின் தகப்பன் கடவுளைக் குறிப்பவன் என்பது கிறிஸ்தவர் யாவர்க்கும் உடன்பாடு. எனவே இயேசுவுக்கும் இறைவனுக்கும் உரிய ஒரு வினை, இடையில் ஒரு சமாரியனுக்குத் தரப்பட்டிருக்கிறது. யூதர் வெறுத்து ஒதுக்கிய, கோயிலும் வழிபாடும் வேறான ஒருவனுக்கு! கதையின் கூர்முனை இங்கேதான் இருக்கிறது.

அக்கிரேக்கச் சொல் குடல் என்னும் பொருளுடைய பெயரடியாகப் பிறந்தது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் தாய்மார் சொல்வார்களே, அதற்கு மிக அணித்தானது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871-இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் மூன்றிடத்தும் ‘மனதுருகி’ என்றே எழுதி ஒருமையைக் காத்தது. (மனமுருகி என்றன்றோ வரவேண்டும் என்பார் இருக்கட்டும்.) சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் பதிப்பித்த பவருக்குச் சொல்லருமை தெரியாமற் போகுமா?

அதே மொழிபெயர்ப்பில் ‘பிறன்’ என்னும் சொல் வேறு வகையானது. நியாயசாஸ்திரி இயேசுவிடம் கேட்ட வினாவில், அருகில் இருப்பவன் என்னும் மூலச்சொல்லுக்கு இது ஆளப்பட்டது. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘அடுத்திருப்பவர்’ என்று அதைச் செம்மையாக்கியது. சொற்பொருள் நோக்கின் புதியதே சரி. வள்ளுவர் ‘பிறனில் விழையாமை’ என்னும்போது பிறன் என்பான் அயலவனே. ஆயினும் பழைய சொல்லை இழக்க எனக்கு மனமில்லை. எனக்கு அருகில் இருப்பவர் யார், எதுவரை என் எல்லை என்று அளவுகோலுடன் வந்தவனிடம், அடிபட்டவனுக்கு அருகில் இருப்பவனாக ஆனவன் யார் என்று இயேசு வினாவைத் திருப்பிவிடுகிறார். பிறன் ஒருவனே அண்மையன் ஆனான் என்பது தமிழில்தான் இவ்வளவு உறுத்தலாகக் கேட்கிறது. விடை சொன்ன சாஸ்திரிக்கோ ‘சமாரியன்’ என்னும் பெயர் நாவில் எழவில்லை. இரக்கம் செய்தவன் என்று சுற்றிச் சொல்லித் தப்புகிறான்.

பண்டை உரையாசிரியர் இக்கதையை உருவகமாகவே கொண்டனர். அகுஸ்தீனார்க்குச் சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல். ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிஷர் 1888 முதல் வெளியிட்ட தம் ஆய்வில் இவ்வகை உருவகங்களைத் தள்ளி, இது பின்பற்றற்குரிய எடுத்துக்காட்டே என்றார். சத்திரக்காரரைப் பவுலாக்குவது மிகை என்பதில் யான் யூலிஷர் பக்கம். ஆனால் வெறும் எடுத்துக்காட்டு என்றால், இயேசுவுக்கும் தகப்பனுக்கும் உரிய வினை இவனிடம் வந்தது ஏன் என்பதற்கு விடையில்லை. தான் முதலில் கடவுளால் இரங்கப்பட்டவன் என்று அறிந்தவன் பிறர்க்கு இரங்குவதையே லூக்கா ‘தந்தையைப் போல்’ என்கிறார். மேலிருந்து கீழே ஈயும் தருமம் வேறு, இது வேறு.

பிணம் தீண்டித் தீட்டாகிவிடுமே என்று ஆசாரியன் அஞ்சினான் எனச் சிலர் அவனுக்கு வழக்காடுவர். அவன் எருசலேமிலிருந்து எரிகோவை நோக்கி இறங்கி வருகிறான். கோயிற்பணியை நோக்கிச் செல்பவனல்லன். அந்த ஒரு சொல்லே வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. சமாரியனுக்கோ செயல்மேற் செயல்: எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், காயம் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றித் தான் நடக்கிறான், சத்திரத்தில் இரண்டு வெள்ளிப் பணம் தருகிறான், மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவேன் என்கிறான். ஒரு பணம் ஒரு கூலியாளின் நாட்சம்பளம். பால்மரம் வெட்டும் வீட்டுப் பிள்ளைகளிடம் இதை மட்டும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நாட்சம்பளம் என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும்.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அந்த ஆள் பிழைத்தாரா ஐயா, என்று கேட்டாள். புத்தகத்தை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். பிழைத்தானா என்று லூக்கா சொல்லவில்லை. அவன் எந்த இனத்தான், என்ன பெயரினன் என்றும் சொல்லவில்லை.