நிறவெப்பநிலையும் நிலமும்: 'டிராஃபிக்' திரைப்படத்தின் ஒளி குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

டங்ஸ்டன் விளக்கின் நிறவெப்பநிலை 3200 கெல்வின். பகலொளியினது ஏறத்தாழ 5600 கெல்வின். மனிதக்கண் இவ்வேறுபாட்டிற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். படச்சுருளுக்கு அவ்வியல்பு இல்லை. எனவே சன்னலில் செம்மஞ்சள் ஜெல் தாளையோ விளக்கின்முன் நீல ஜெல் தாளையோ பொருத்தி ஒளிமூலங்களை ஒன்றோடொன்று பொருந்தச் செய்வர். முழுச்செறிவு கொண்ட நீலத்தாளின் வழியே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியே வெளிவரும். அவ்விழப்பை ஏற்றும் மேற்கொள்ளப்படும் இப்பணியைத் திரைத்துறை 'திருத்தம்' என்று வழங்குகிறது. இச்சொல், வெண்மையே இயல்பு என்னும் முற்கோளை உட்கொண்டது. அம்முற்கோளைக் கைவிட்ட 'டிராஃபிக்' (2000) திரைப்படத்தின் ஒளியை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகை நிறம்

இயக்குநர் ஸ்டீவன் சோடர்பர்க், பீட்டர் ஆண்ட்ரூஸ் என்னும் புனைபெயரில் தாமே இப்படத்தை ஒளிப்பதிவு செய்தார். வாஷிங்டன், ஒஹையோ காட்சிகளில் டங்ஸ்டன் படச்சுருளைத் திருத்த வடிப்பானின்றிப் பயன்படுத்தியதால் நீலம் தோன்றியது. மெக்சிகோ காட்சிகளுக்குப் புகையிலை நிற வடிப்பானை லென்சின்முன் பொருத்தினார். பின்னிச்செல்லும் கதைகளைப் பார்வையாளர் குழப்பமின்றி இனங்காண இவ்வுத்தி உதவுகிறது என்பது மறுக்கவியலாதது.

ஆயினும் இவ்விரு நிறங்களும் ஒருதன்மையன அல்ல. முன்னது திருத்தத்தை விலக்கியதால் விளைந்தது. பின்னது புறத்தேயிருந்து சேர்க்கப்பட்டது. திருத்தம் விலக்கப்படும்போது பகலொளி மட்டுமே நீலமாகிறது. அதே படச்சுருளில் டங்ஸ்டன் விளக்கொளி தன் இயல்பு நிறத்திலேயே பதிவாகும். ஆகவே அந்நீலம் ஒளிக்கு உரியது. விளக்கின்முன் வைக்கும் ஜெல் தாளும் அவ்விளக்கின் ஒளியை மட்டுமே மாற்றும். லென்சின்முன் உள்ள புகையிலை நிறமோ வானம், சுவர், முகம் அனைத்தின்மீதும் ஒருசேரப் படிகிறது. அதனால் அந்நிறம் நிலத்தின் பண்பாகவே உணரப்படுகிறது. அங்கு வாழும் எந்த மாந்தர்க்கும் தமக்கெனத் தனியொளி வாய்ப்பதில்லை. பெனிசியோ டெல் டோரோ ஏற்ற காவலர் பாத்திரத்தின் அறத்தடுமாற்றத்தைத் திரைக்கதை நுட்பமாக வேறுபடுத்திக் காட்ட, நிறமோ அவரையும் சூழலோடு கரைத்துவிடுகிறது.

முடிவுரை

பிற்காலப் படங்களில் மெக்சிகோவை மஞ்சளாகக் காட்டுவது மரபாகிப் பரவலான கண்டனத்திற்கும் உள்ளானது. அக்கண்டனங்கள் பெரும்பாலும் நிறத்தையே குறைகூறுகின்றன. நிறம் விளக்கின்முன் இடப்பட்டதா, லென்சின்முன் இடப்பட்டதா என்பதையும் திரைத்திறனாய்வு கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு.