லண்டன் ஆய்வும் வேடசந்தூர் மில் வேனும்

விடியக்காலையில் வேடசந்தூர் ரோட்டில் போனால் மில் வேன்களைப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். இந்தப் பக்கத்து மில்களில் நூற்ற நூலும் தைத்த சட்டையும் ஐரோப்பாக் கடைகள் வரை போகின்றன. அங்கே விற்கிற கம்பெனிக்கு இங்கே நடப்பதில் சட்டப்படி என்ன பொறுப்பு? இந்தக் கேள்வியோடுதான் லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் சர்வதேச, ஒப்பீட்டுச் சட்ட நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஆய்வை வாசித்தேன்.

1958-ல் உருவான நிறுவனம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கீழே இல்லை. ஒரே சிக்கலைப் பல நாட்டுச் சட்டங்கள் எப்படிக் கையாள்கின்றன என்று பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது இவர்கள் வேலை. இந்த ஆய்வு ஐரோப்பிய ஆணையம் கேட்டுச் செய்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 334 வணிக நிறுவனங்கள் பதில் சொல்லியிருக்கின்றன. மனித உரிமை, சுற்றுச்சூழல் பாதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கிறோம் என்றவை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சோதிப்பவற்றிலும் பெரும்பாலானவை நேரடி சப்ளையரோடு நின்றுவிடுகின்றன. 'சட்டம் எதுக்கு, நாங்களே பார்த்துக்கிறோம்' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை. சப்ளையர்களைக் கவனிப்பதைச் சட்டக் கடமை ஆக்கிய 2024 ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு இந்த ஆய்வும் ஒரு அடித்தளம்.

ஆனா எனக்கு இடிக்கிற இடம் ஒன்று இருக்கு. 'நேரடி சப்ளையரோடு நிற்கிறார்கள்' என்று படிக்கும்போது, அதுவரைக்குமாவது ஒழுங்காப் பார்க்கிறாங்க போல என்று தோன்றிவிடும். 2021 ஜனவரியில் நம் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானது அவருடைய மேற்பார்வையாளர். அந்த ஆலை எச் அண்டு எம் நிறுவனத்துக்கு நேரடி சப்ளையர். மூணாவது அடுக்கு, நாலாவது அடுக்கு இல்லை.

அடுக்குக் கணக்கு கம்பெனிகளே தங்களைப் பற்றிச் சொன்னது. கோடு எழுதினவனிடமே 'பக் இருக்கா?' என்று கேட்டு ரிலீஸ் பண்ணுகிற மாதிரி. தொழிற்சங்கம், தொண்டு அமைப்பு உள்ளிட்ட தரப்புகளிடமும் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனா எவ்வளவு தூரம் பார்க்கிறார்கள் என்பதற்கு எண் இருக்கு. பார்த்தபோது கண்ணில் பட்டதா என்பதற்கு இல்லை.

அதற்கான பதில் இங்கிருந்தே வந்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் தலித் பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யூ. தொழிற்சங்கம் ஒரு தரப்பு. ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்டு எம்மும் மறுபக்கம். பின்னால் கேப், பி.வி.எச். சேர்ந்தன. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். ஆலை மீறினால் பிராண்டு ஆர்டரில் கைவைக்கும். அந்த ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை இந்த ஆலைச் சரக்குக்குப் போட்ட தடை செப்டம்பரிலேயே விலகியதற்கும் இந்த ஒப்பந்தம் முக்கியக் காரணம்.

லண்டன் ஆய்வு எடைபோட்ட நான்கு வழிகளும் ஐரோப்பிய ஒன்றியம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை: சும்மா இருப்பது, வழிகாட்டுதல் தருவது, அறிக்கை கேட்பது, கடமையாக்குவது. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்துக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அதற்கு முன்னமே, 2013-ல், ராணா பிளாசா இடிந்த பிறகு பங்களாதேஷில் அப்படி ஒன்று வந்திருந்தும்.

2025 பிப்ரவரியில் அதே ஆணையம், ஆழமான சோதனை பொதுவாக நேரடி சப்ளையர் வரை போதும் என்று சட்டத்தைச் சுருக்க முன்மொழிந்தது. அந்தக் கணக்கில் நூல் மில்லுக்குப் போகிற வேன் பெரும்பாலும் வெளியே.