துளைபட்ட பலகை

ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சம்னர் என்னுஞ் சிற்றூரில், நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நூதனசாலை உண்டு. எமெற் ரில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனின் நினைவைப் பேணுவதே அதன் பணி. சிக்காக்கோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த அவன், கடையொன்றில் வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் முறைதவறி நடந்தான் எனக் குற்றஞ்சாட்டப்பட்டான். 1955 ஓகஸ்ட் 28ஆம் நாள் அதிகாலையில் அவள் கணவனும் அவன் தமையனும் சிறுவனைக் கடத்திக் கொன்று உடலை ஆற்றில் எறிந்தனர். வெள்ளையர் பன்னிருவரைக் கொண்ட யூரர் சபை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகவே ஆராய்ந்து இருவரையும் விடுவித்தது. சில மாதங்களின் பின், பணம் பெற்றுக்கொண்டு, தாம் கொன்றதைச் சஞ்சிகையொன்றுக்கு அவர்களே உரைத்தனர்.

2007இல் அந்நீதிமன்றத்தின் முன்றிலிலே ஊரவர், கறுப்பரும் வெள்ளையருமாக நின்று, ரில் குடும்பத்தாரிடம் தம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தனர். விசாரணை நடந்த மண்டபமும் 1955இல் இருந்த தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. பாராட்டத்தக்க பணியே. எனினும், செப்பனிட்டு வண்ணந்தீட்டிய மண்டபத்திலே ஒரு குறை உண்டு. அநீதி அந்த ஆண்டோடு முடிந்துபோயிற்று என்னும் மயக்கத்தைக் காண்பவனுக்கு அது எளிதில் உண்டாக்கிவிடும்.

இம்மயக்கத்தைத் தெளிவிப்பது வேறொரு பொருள். சிறுவனின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தைக் குறிக்க நினைவுக்குழுவினர் ஆற்றங்கரையில் நாட்டிய முதற் பலகை 2008இல் களவாடப்பட்டது. அதற்கு ஈடாக வைத்த பலகை துப்பாக்கிக் குண்டுகளாற் சல்லடையாயிற்று. 317 துளைகளோடு அது 2021இல் வாசிங்ரன் தேசிய நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனைத் திருத்தாது அவ்வண்ணமே வைத்தமை நல்ல முடிபு. மகனின் சிதைந்த முகத்தை மறைக்க மறுத்து, பேழையைத் திறந்தே வைத்துச் சிக்காக்கோ மக்கள் காணச் செய்தவர் அவன் தாயார் மேமி ரில். அவர் காட்டிய வழியும் இதுவே. ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். தலைநகரிற் காண்பவனுக்கு அப்பலகை ஒரு செய்தி. அவ்வட்டாரத்தானுக்கோ அது அயலவன் கைவேலையாகவும் இருக்கலாம். ஆகவே அது முதலிற் காட்டப்படவேண்டியவர் இன்னார் என்பதில் ஐயமில்லை.

மூன்றாம் பலகையும் சுடப்பட்டது. 2019 ஒக்ரோபரில் நாட்டிய நான்காவது, குண்டு துளையா உருக்கினாலானது. ஐந்நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதற்குக் காவலாகப் படக்கருவியும் அபாயமணியும் பொருத்தினர். இரண்டு கிழமை சென்றதும், வெள்ளையின மேலாண்மை பேசுவோர் சிலர் தம் கொடியோடு வந்து அதன் முன்னே நின்று படம்பிடிக்க முற்பட்டனர். மணி ஒலிக்கவும் ஓடினர்.