ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில்

தூத்துக்குடிக் கரையில் பள்ளிக்கூடங்கள் ஆண்டை முடிக்கிற அதே வாரங்களில் ஊரின் பிழைப்பும் தடம் மாறுகிறது. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். உப்பளங்களிலோ வெயில் ஏற ஏற வேலையும் ஏறும். முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் வேப்பலோடையிலும் விடியுமுன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். முத்துக்குளிப்பு நடந்த நாட்களிலும் கடல் அமைதியாகக் கிடக்கும் கோடைதான் அதற்குப் பருவம். 1961க்குப் பிறகு அது நின்றுபோனது. இந்தக் கரைக்குக் கோடை ஒருநாளும் ஓய்வுக்காலமாக இருந்ததில்லை. பள்ளியின் ஆண்டிறுதி வேலைகளோ மலையிலுள்ள கொடைக்கானலுக்கும் இந்தக் கரையின் திரேஸ்புரத்துக்கும் ஒரே அட்டவணையில் நடக்கின்றன. அந்த வேலைகளை நம் ஆசிரியர்கள் எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார்கள் என்பதையும், அவ்வளவு பொறுப்பாகச் செய்தும் சில பிள்ளைகள் ஏன் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் தவறிப்போகிறார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் மேசையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுமை தெரியும். முழு ஆண்டுத் தேர்வின் விடைத்தாள்கள், வளரறி மதிப்பீட்டையும் தொகுத்தறி மதிப்பீட்டையும் கூட்டிப் போட்ட மதிப்பெண் பதிவேடு, ஆண்டு முழுவதற்குமான வருகையின் மொத்தம், தேர்ச்சிப் பட்டியல், இருப்புப் பதிவேட்டில் பெஞ்சு முதல் ஆய்வகக் குடுவை வரை சரிபார்ப்பு, சத்துணவுக் கணக்கு, அடுத்த ஆண்டுக்கான பாடநூல் தேவைப் பட்டியல். இவ்வளவையும் தாளில் முடித்தபின் பாதியை மறுபடி பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்ற வேண்டும். நடுவில் சேர்க்கைப் பேரணி வேறு.

இதையெல்லாம் வெறும் எழுத்துவேலை என்று தள்ளிவிடுபவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை உடைந்து ஊர்களுக்குள் நுழைந்தபோது பீரோவிலிருந்த ரேஷன் அட்டை, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாம் சேறாகிப்போயின. மறுபிரதி கேட்டு வந்தவர்களுக்கு முகாம் போட்டு எழுதிக் கொடுக்க முடிந்ததென்றால், எங்கோ ஒரு பள்ளியில் யாரோ ஒரு ஆசிரியர் முந்தைய ஏப்ரல்களில் உட்கார்ந்து வரிசை எண் தவறாமல் எழுதி வைத்ததும், எமிஸில் ஏற்றி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். படகுக்காரர் வீட்டிலும் உப்பளத் தொழிலாளி வீட்டிலும் ஒரு பிள்ளையின் பிறந்த தேதிக்கு நிற்கிற முதல் சாட்சி பெரும்பாலும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான்.

பணமும் இதில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாத உதவி தரும் புதுமைப்பெண் திட்டத்தை அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கிய விழா 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில்தான் நடந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்க ஒரு பெண் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி வகுப்பிலோ படித்திருக்க வேண்டும். கிறிஸ்தவ சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த மாவட்டத்தில் அது எத்தனை குடும்பங்களைத் தொடும் செய்தி! அந்த ஏழாண்டுத் தொடர்ச்சியை நிரூபிப்பது ஒவ்வோர் ஏப்ரலிலும் சரியாக முடிக்கப்பட்ட பதிவுதான். ஓராண்டு விடுபட்டால் பிள்ளை கல்லூரி வாசலில் நின்றுகொண்டு பழைய பள்ளிக்கு அலைய வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காமல் மேலே அனுப்பும் முறையையும் நான் பலமாகவே எண்ணுகிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தந்த இந்தப் பாதுகாப்பை 2019 திருத்தம் தளர்த்தியது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்க வழி செய்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, அது சரியான முடிவு. உப்பளத்தில் கூலிக்கு ஆள் தேடும் ஏப்ரல் மாதத்தில் பத்து வயதுப் பிள்ளையிடம் நீ பெயில் என்று சொன்னால், அந்தப் பிள்ளை அதே வகுப்புக்கு ஜூனில் திரும்பி வரும் என்று இந்தக் கரையை அறிந்தவர் யாரும் பந்தயம் கட்ட மாட்டார்.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க மாற்றுச் சான்றிதழ் ஒன்றைக் கையில் எடுத்தால் போதும். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தேசிய இனம், சமயம், சாதி, எண்ணாலும் எழுத்தாலும் பிறந்த தேதி. வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்கையில் தழும்பு என இரண்டு அங்க அடையாளங்கள். சேர்ந்த நாள், நீங்கிய நாள், உதவித்தொகை பெற்றவரா, மருத்துவ ஆய்வுக்குச் சென்றவரா, மேல்வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதியுடையவரா, நடத்தையும் பண்பும். கடைசிக் கட்டத்தில் எல்லாருக்கும் ‘நன்று’. இத்தனை கட்டங்களில் எதுவுமே அந்தப் பிள்ளை தமிழில் ஒரு பத்தியைத் தட்டாமல் வாசிக்குமா என்று சொல்லாது. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியுமா, கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமல் முன்பெஞ்சில் உட்கார வைத்திருந்தோமா, அம்மா உப்பளத்துக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள லீவு போடுகிற பிள்ளையா, எதுவும் கிடையாது. முழங்கைத் தழும்பு அடுத்த பள்ளிக்குப் போகிறது. ஓராண்டு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஆசிரியர் அறிந்துகொண்டது போவதில்லை. ‘தேர்ச்சி’ என்ற ஒரே முத்திரை, சரளமாக வாசிக்கும் பிள்ளை மீதும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை மீதும் ஒன்றுபோல விழுகிறது. நிறுத்தி வைக்காத முறை குறைபட்டுப்போவது இந்த இடத்தில்தான். மேலே அனுப்புகிறோம், என்ன குறையோடு அனுப்புகிறோம் என்று கூடச் சொல்லி அனுப்புவதில்லை.

இதன் விலையை அரசே கொடுக்கிறது. 2025-26இல் தொடங்கிய ‘திறன்’ திட்டம் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராத பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டறிந்து தனியாகக் கற்பிக்கிறது. நல்ல திட்டம், தேவையான திட்டம். ஆனால் அந்தத் தேர்வு புதிதாகக் கண்டுபிடிக்கும் பெயர்களில் எத்தனையை ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஏப்ரலிலேயே கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்! அவரை யாரும் கேட்கவில்லை. அவர் எழுதி அனுப்பியதெல்லாம் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் போயின. பக்கத்துத் தெருவிலிருக்கும் உயர்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு ஒரு வரி போகவில்லை. தகவல் மேல்நோக்கியே ஓடிப் பழகிவிட்டது.

திரள் பதிவேடு என்ற ஒன்றை ஆசிரியர் பயிற்சியில் படிக்காதவர் இல்லை. பிள்ளையின் உடல்நிலை, ஆர்வம், கற்றல், குடும்பச் சூழல் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் தொகுத்து அடுத்த வகுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தேர்வுக்குப் படித்த அந்தப் பாடம் நடைமுறையில் ஒரு படிவமாகச் சுருங்கி, ஆய்வுக்கு அலுவலர் வரும்போது மட்டும் வெளியே வருகிறது. ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் எழுதும் வழிகாட்டுக் குறிப்பேடு, பிள்ளை பள்ளி மாறும்போது அதன் படி வழியாக அடுத்த பள்ளிக்கும் போய்ச் சேர்கிறது. செய்யக்கூடியதுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம்மிடமும் கருத்துக்குப் பஞ்சமில்லை, அதற்கான நேரத்தைத்தான் யாரும் ஒதுக்கவில்லை.

நேரம் எங்கே போகிறது? உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏப்ரல் வந்தாலே பாட ஆசிரியர்கள் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விடுகிறார்கள். 6 முதல் 9 வரை நடத்தியவர்களும் அவர்களே என்பதால், அந்த வகுப்புகளின் முழு ஆண்டுத் தேர்வை மிச்சமிருப்பவர்கள் மேற்பார்க்க, திருத்தம் இரவில் வீட்டில் நடக்கிறது. 2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தால் டிசம்பர் அரையாண்டுத் தேர்வே குலைந்த மாவட்டம் இது. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். பள்ளிகள் வாக்குச்சாவடிகள், ஆசிரியர்கள் வாக்குப்பதிவு அலுவலர்கள், அதற்கு முன் பயிற்சி வகுப்புகள். ரம்ஜானையொட்டி 4 முதல் 9 வரையிலான வகுப்புகளின் மிச்சத் தேர்வுகள் 22, 23 தேதிகளுக்குத் தள்ளிப்போயின. அதன்பின் மிஞ்சிய வேலை நாட்களில் திருத்தி, கூட்டி, ஏற்றி, பட்டியலிட்டுக் கையொப்பம் வாங்க வேண்டும். பிள்ளையைப் பற்றி யோசித்து ஒரு வரி எழுத அந்த நாட்களில் மனம் எங்கிருந்து வரும்? ஆசிரியரின் அக்கறையைக் குறை சொல்வது எளிது. தேர்வு முடியும் நாளுக்கும் கடைசி வேலை நாளுக்கும் நடுவில் ஒரு வாரத்தைக்கூட விட்டுவைக்காத அட்டவணையைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

சில நேரம் குறிப்பு மட்டுமல்ல, பிள்ளையே அடுத்த பள்ளிக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆரம்பப் பள்ளி ஐந்தோடு முடியும், நடுநிலை எட்டோடு முடியும், உயர்நிலை பத்தோடு முடியும். இந்த மூன்று படிகளிலும் பிள்ளை பள்ளியை மாற்றியாக வேண்டும். தலைமையாசிரியர் அறையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

“சார், டி.சி. குடுத்துருங்க. ஜூன்ல எங்கயாச்சும் சேத்துக்கிடுதோம்.”

“எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்லிட்டுப் போங்கம்மா.”

“அவுக அப்பா வந்து பாத்துச் சொல்லுவாக சார்.”

சான்றிதழ் அச்சாகி வரும். எமிஸில் அந்தப் பிள்ளை பொதுத் தொகுப்புக்கு, ஆசிரியர்கள் சொல்லும் ‘காமன் பூலுக்கு’, நகரும். அந்தப் பள்ளியின் கணக்கு சுத்தமாக முடிந்தது. ஜூனில் வேறு பள்ளி அந்த எண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் நல்லது. இழுக்காவிட்டால் பெயர் தொகுப்பிலேயே நிற்கும். எமிஸை நான் பாராட்டுவது இதற்காகத்தான்: காகிதக் காலத்தில் இப்படிக் காணாமல் போன பிள்ளை காணாமல் போனதே யாருக்கும் தெரியாது, இப்போது பெயரோடு தெரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து வீடு தேடிப் போகத் தொடங்கும்போது ஜூன் முடிந்து ஜூலை பிறந்திருக்கும். அதற்குள் பெண்பிள்ளை ஒரு பருவம் உப்பு சுமந்திருப்பாள். பையன் ஐஸ் கம்பெனியிலோ வள்ளத்திலோ கூலி வாங்கிப் பழகியிருப்பான். கையில் காசு பார்த்த பிள்ளையை வகுப்புக்கு மீட்பது எவ்வளவு கடினம் என்று இல்லம் தேடிப் போன ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

கட்டணம் பாக்கி வைத்த வீடுகளின் கதை இன்னும் மோசமாக இருந்தது. சான்றிதழைப் பிடித்து வைத்துப் பணம் வாங்கும் வழக்கம் சில தனியார் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. மாற்றுச் சான்றிதழ் கடன் வசூலிக்கும் கருவி ஆகக் கூடாது, அதில் கட்டண நிலுவையைக் குறிக்கவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ தேடி வரும் பிள்ளையை, சான்றிதழ் வரத் தாமதம் என்ற காரணத்துக்காகச் சேர்க்காமல் இருக்க முடியாது என்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு முன்பே சொல்லிவிட்டது. பெற்றோருக்கு இது தெரிவதில்லை. சான்றிதழ் இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள் என்று நம்பி வீட்டோடு வைத்துக்கொள்கிறார்கள். ஏப்ரலில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல வேண்டிய முதல் செய்தியாக இதை நான் நினைக்கிறேன்.

இன்னொரு பொருத்தமின்மையையும் சொல்ல வேண்டும். 2025இல் பள்ளிகள் ஜூன் 2 அன்று திறந்தன. படகு கடலுக்குப் போக இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்தது உதவிதான். இருந்தாலும் 61 நாளுக்கு அது எவ்வளவு தூரம் வரும்? அரசு பாடநூலும் சீருடையும் தருகிறது. வேன் கட்டணமும் பிற சில்லறைச் செலவும் வீட்டார் பொறுப்பு. விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போன வாரத்தில்தான் அந்தச் செலவு வருகிறது. பிள்ளையைச் சேர்க்கத் தாமதிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

அதே தடைக்காலம் பள்ளிகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பையும் வைத்திருக்கிறது. ஆண்டு முழுக்க விடியுமுன் கடலுக்குப் போய் இரவில் திரும்பும் தகப்பன், ஏப்ரல் 15க்குப் பிறகு கரையில் வலை பின்னிக்கொண்டு பகலிலும் அகப்படுகிறார். ‘அவுக அப்பா வந்து சொல்லுவாக’ என்ற பதிலுக்கு அந்த நாட்களில் தெருவிலேயே முடிவு கிடைத்துவிடும். ஐந்தும் எட்டும் முடித்த பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேரப்போகிறார்கள் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஆசிரியரும் அப்போதே கேட்டு உறுதி செய்துகொண்டால், பொதுத் தொகுப்பில் பெயர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உப்பளக் குடும்பங்களைப் பிடிக்க வேறு நேரம் வேண்டும். வெயில் உறைக்கும் முன் பாத்தி வேலை முடித்து அவர்கள் வீடு திரும்பும் பகல்தான் அதற்கு வசதி.

இதோடு, தேர்வு முடிந்தபின் ஒரே ஒரு நாளை, ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் அவர்களின் பிள்ளைகள் போய்ச் சேரும் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கென்று ஒதுக்க வேண்டும். தருவைகுளம், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற ஊர்களில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றாலும் நாற்பது பேரை இரண்டு மணி நேரத்தில் பேசி முடிக்கலாம். இந்தப் பெண் வாசிப்பாள், கணக்கில் பயம். இவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். இவள் வீட்டில் அம்மா மட்டும்.

இதையும் எமிஸில் ஒரு கட்டமாக்கிவிடுவார்கள், அதையும் நாங்களே நிரப்ப வேண்டும் என்று ஆசிரியர்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. கைப்பேசியில் ஏற்றிய புள்ளிவிவரத்தையே மறுபடி தாளில் கேட்டுப் பழகிய துறை இது. ஒரு பிள்ளையின் வீட்டுச் சங்கடம் மாநிலம் முழுக்கத் தெரியும் தளத்தில் ஏறுவதும் முறையல்ல. ஆகவே இந்தக் குறிப்பைத் தளத்துக்கு வெளியிலேயே வைக்க வேண்டும். வகுப்பாசிரியர் கையெழுத்தில் ஒரு தாள், அடுத்த வகுப்பாசிரியர் கையில் நேராக. அலுவலர் ஆய்வுக்கு அது தேவையில்லை, எண்ணிக்கை அறிக்கையும் தேவையில்லை. ஈடாக, ஏப்ரலில் தாளிலும் தளத்திலும் இருமுறை எழுதப்படும் பதிவேடுகளில் ஒன்றை மாவட்ட அலுவலகம் நீக்கிக் கொடுத்தால் அந்த ஒரு நாள் தானாகக் கிடைத்துவிடும்.