வளவுத் தொட்டியும் வாளி ஃபில்டரும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் தொடர்மாடிகளாகி வருகின்றன. மிஞ்சியிருக்கும் வீடுகள் சிலவற்றின் பின்வளவில், மதிலோடு ஒட்டி, ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கும். அதில் நாலைந்து தங்கமீன், இரண்டு கோய். பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் வெறுமையான பெயின்ட் வாளி. தொட்டிக்குள் கிடக்கும் சின்ன மோட்டர் நீரை வாளிக்கு ஏற்ற, அடியில் பொருத்திய குழாய் வழியே அது மறுபடி தொட்டியில் விழும். கொட்டாஞ்சேனைப் பக்கம் வளவு கொஞ்சம் பெரிதென்றால் வாளிக்குப் பதில் நீலப் பீப்பா. மூடியைத் திறந்து பாருங்கள்: மேலே ஸ்பொஞ்ச், பிறகு மணல், சரளைக்கல், அடியில் சிரட்டைக்கரி.

பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் குடிநீரை வடிக்கக் காட்டும் அதே அடுக்கு. அந்த யோசனையை அப்படியே மீன் தொட்டிக்குக் கொண்டுவந்ததில்தான் வீட்டு ஃபில்டரின் பாதிக் கோளாறு தொடங்குகிறது என்பேன். குடிக்கும் நீரை ஒருமுறை வடித்தால் காரியம் முடிந்தது. தொட்டியில் அழுக்கு ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கும். அதில் ஆபத்தான பங்கு கண்ணுக்கும் தெரியாது, மணலிலும் தங்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 லீற்றர் தொட்டி. நாளொன்றுக்கு 10 கிராம் தீனி, அதில் 35 சதவீதம் புரதம். மீன் வளர்ப்பில் வழக்கமாகப் போடும் கணக்கின்படி இதிலிருந்து ஏறத்தாழ 0.3 கிராம் அமோனியா நைதரசன் நீரில் சேரும். அதாவது லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். மூன்று நாள் சும்மா விட்டால் 0.9. இது கொல்லுமா என்பது நீரின் பீ.எச். பெறுமானத்தில் தங்கியிருக்கிறது. 30 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 என்றால் அந்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல். 9 என்றால் பாதிக்குக் கிட்ட. புதிதாகப் பூசிய சீமெந்து சுண்ணாம்பைக் கசியவிட்டு பீ.எச்.சை ஏற்றும், பாசியால் பச்சையான நீரும் பின்னேர வெயிலில் 9ஐத் தொடும். தொட்டி கட்டிய அடுத்த கிழமையே மீனை விட்டுவிட்டு, “தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்குது, மீன் ஏன் செத்தது?” என்று கேட்பவருக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது.

அமோனியாவை அகற்றும் வேலை பக்டீரியாக்களுடையது. ஒருவகை அதை நைத்திரைற்றாக்கும். இன்னொருவகை அந்த நைத்திரைற்றை, தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்கும். இவை போதிய அளவில் பெருக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். ஒட்டிக்கொள்ள ஒரு மேற்பரப்பும், ஓடும் நீரில் ஒட்சிசனும் இருந்தால் அவற்றுக்குப் போதும். மணலில் மேற்பரப்புக்குக் குறைவில்லைதான். ஆனால் மீன் கழிவு அதைச் சீக்கிரமே அடைத்துவிட, நீர் ஒரு பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். மற்றப் பக்கம் ஒட்சிசன் இன்றி நாறும். சிரட்டைக்கரியைப் பற்றி நம்மவருக்கு அபார நம்பிக்கை. அடுப்புக்கரி வேறு, இலங்கை ஏற்றுமதி செய்யும் செயற்படுத்திய கரி வேறு. பின்னது கூட நிறத்தையும் மணத்தையும் பிடிக்குமே தவிர, அமோனியாவுக்குப் பெரிதாக உதவாது.

இவ்வளவும் சொன்னாலும் நான் வாளியின் கட்சிதான். மணலையும் கரியையும் கொட்டிவிட்டு, உடைந்த கூரை ஓடு, போத்தல் மூடி, துண்டு துண்டாக வெட்டிய வயர்க் குழாய், கழுவிய தும்பு ஆகியவற்றால் நிரப்பினால், கடையில் விலைகூடிய பிளாஸ்டிக் உருண்டைகள் செய்யும் அதே வேலையை அவையும் செய்யும். பக்டீரியா விலைச்சீட்டுப் பார்ப்பதில்லை. (தும்பைப் பல தடவை ஊறவைத்துப் பிழியாவிட்டால் தொட்டி தேத்தண்ணி நிறமாகும், காலப்போக்கில் அது உக்கியும் போகும்.) வாளிக்கு முன்னால் கழிவு அடியில் தங்க இன்னொரு வாளி வைத்தால் அடைப்பும் குறையும். இறக்குமதி இறுகிக் கிடந்த பொருளாதார நெருக்கடிக் காலத்தில் கடை ஃபில்டரின் ஒரு றப்பர் வளையத்துக்காக அலைய வேண்டியிருந்தது. வாளி உடைந்தால் பழைய சோனகத் தெருவில் இன்னொன்று வாங்கலாம்.

கொழும்புக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெள்ளவத்தைக்காரர் பலருக்கு ஊர் யாழ்ப்பாணம். அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் கிணற்றுநீர் வன்னீர். இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்றின் மென்னீர். பக்டீரியா அமோனியாவை மாற்றும்போது நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். வன்னீரில் அது தெரியவே தெரியாது. மென்னீரில் சில மாதங்களில் பீ.எச். சரிந்து, 6ஐ நெருங்கும்போது பக்டீரியாவின் வேலை படுத்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபில்டர் காரணமில்லாமல் கைவிட்டதாகத் தோன்றும். இழந்த காரத்தன்மையை ஈடுசெய்ய, வாளிக்குள் ஒரு வலைப்பையில் சிப்பி ஓடு போட்டுவைத்தால் போதும்.

அதே குழாய்நீரில் குளோரினும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாளியைக் கவிழ்த்து, ஓட்டுத் துண்டுகளைக் குழாயடியில் பளபளவென்று கழுவி வைப்பவர், ஒன்றரை மாதமாகக் குடியேறிய பக்டீரியாவை அரைமணி நேரத்தில் அழிக்கிறார். தொட்டித் தண்ணீரையே ஒரு பாத்திரத்தில் எடுத்து, அதில் ஓட்டுத் துண்டுகளின் பாதியை இன்றும் மீதியைச் சில கிழமை கழித்தும் அலசுவதுதான் முறை.

வாளியின் உண்மையான பலவீனம் பிளக்கின் மறுமுனையில் இருக்கிறது. 30 வாற்று மோட்டர் இரவுபகலாக ஓடினால் மாதத்துக்கு 21 அலகுக்கு மேல் ஏறும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தபோது, பலர் இராத்திரியில் மோட்டரை நிறுத்திப் பார்த்தார்கள். சிக்கனம் போலத் தெரியும். ஆனால் நீர் நின்ற சில மணி நேரத்தில் வாளிக்குள் ஒட்சிசன் தீர்ந்து, பக்டீரியா சாகத் தொடங்கும். காலையில் மோட்டரைப் போட்டதும் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் இறங்கும். நாமே நிறுத்தாவிட்டாலும் மின்சாரம் நின்றுவிடுவதுண்டு: 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று போய் மாட்ட, நாடே இருண்டது. அப்படியான நாளில் செய்யக்கூடியது, தீனியை நிறுத்தி, மின்சாரம் வந்ததும் வாளியின் முதல் தண்ணீரை வெளியே ஊற்றுவது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தொட்டிக்குள் மோட்டர் இறக்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நின்றுபோன வாளிக்கு இன்னொரு ஆபத்து, நுளம்பு. தொட்டியில் கப்பி விட்டிருந்தால் அது குடம்பிகளைத் தின்றுவிடும். வாளிக்குள் மீன் கிடையாது. பழுதான மோட்டரைத் திருத்தக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை, பத்து நாள் மறந்திருந்தால் டெங்கு நுளம்பு பறக்க அவ்வளவு போதும். 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடம்கொடுத்த வளவுக்காரர் குற்றவாளி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தொட்டியைவிட வாளியைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்; பார்க்கவும் வேண்டும். நெருக்கமான வலை போட்ட மூடி இல்லாத வாளி ஃபில்டரை நான் ஆதரிக்க மாட்டேன்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் நைத்திரேற்று மிஞ்சும். எந்த வாளியும் அதைப் போக்காது. இப்படிச் சத்து தேங்கிய நீருக்கு என்ன நேரும் என்று பேரை வாவிக்கரைக்குப் போனால் தெரியும். கிழமைக்கு ஒருமுறை ஒரு பங்கு நீரை மாற்றி, குளோரின் நீக்கும் மருந்து கலந்து நிரப்புவது ஒரு வழி. மற்றது செடி. ஆகாயத்தாமரை வேகமாக உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அதை அடக்க இந்த நாட்டில் 1909லேயே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதைவிடக் கங்குன் நல்லது: வாளியிலிருந்து நீர் விழும் இடத்தில் ஒரு தட்டில் நட்டால் இரண்டு மூன்று கிழமையில் அடர்ந்துவிடும். அடிக்கடி வெட்டி எடுக்க வேண்டும். வெட்டாமல் பழுத்து உதிரவிட்டால் உறிஞ்சியதெல்லாம் திரும்பத் தொட்டிக்கே போய்விடும்.