தந்தை இருக்கவே மகனுக்கு முடி

சோழர் பெருமை என்றதும் கப்பற்படையும் தஞ்சைப் பெரிய கோயிலும்தான் பேச்சில் வரும். அந்த அரசு நீடித்ததற்கு அவற்றைவிடப் பெரிய காரணமாக எனக்குப் படுவது ஒரு வழக்கம்: அரசன் உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ஆட்சியில் பங்கு கொடுத்துவிடுவது.

பட்டுத் தெரிந்த பாடம் அது. 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இராசாதித்தன் மாண்டான். பிறகு 985 வரை அரியணை அண்ணன் வழிக்கும் தம்பி வழிக்குமாக மாறிக்கொண்டிருந்தது. இடையில், பட்டம் கட்டப்பட்டிருந்த ஆதித்த கரிகாலனே கொலையானான். வழக்கம் முன்பே இருந்தது. அதற்கு உரம் ஏற்றியவர்கள் இராசராசனும் இராசேந்திரனும்.

1012இல் பட்டம் பெற்ற இராசேந்திரன், 1014இல் தந்தை மறைந்தபோது சலசலப்பின்றி அரசனானான். தன் முறை வந்தபோது அவன் 1018லேயே இராசாதிராசனுக்கு முடிசூட்டினான். தந்தை மறைந்த 1044 வரை மகனுக்கு அது கால் நூற்றாண்டுப் பயிற்சி. இராசாதிராசன் தன் ஆட்சியாண்டுகளை 1018லிருந்தே கணக்கிட்டான். ஒரே காலத்தில் இரண்டு ஆட்சிக் கணக்குகள் ஓடுவதால் கல்வெட்டு படிப்பவர்களுக்கு இன்றும் தலைவலிதான். இன்னொரு மகனை மதுரையில் சோழ பாண்டியனாக அமர்த்தினான் இராசேந்திரன். அதிகாரப் பசியுள்ள இளவரசர்களுக்கு ஆளாளுக்கு வேலை இருந்தது.

இதன் பலன் கொப்பத்தில் தெரிந்தது. 1054இல் சாளுக்கியரோடு நடந்த அந்தப் போரில் இராசாதிராசன் யானைமேலேயே இறந்தான். படை கலைந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் அடுத்தவன் யார் என்ற கேள்வியே அங்கு இல்லை. தம்பி இரண்டாம் இராசேந்திரன் தோற்கவிருந்த போரை வென்று, களத்திலேயே முடிசூடினான். மகனைத் தாண்டித் தம்பிக்குப் போனதையும் கவனிக்க வேண்டும். ஆளத் தெரிந்தவனுக்கே பட்டம் என்ற துணிவு அப்போது இருந்தது.

இதை மட்டும் வைத்து வழக்கத்தைக் கொண்டாடுபவர்கள் 1070ஐ எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். அதிராசேந்திரனுக்கும் தந்தை வீரராசேந்திரன் முறைப்படிதான் பட்டம் கட்டினான். தந்தை இறந்ததும் நாட்டில் கலகம். மைத்துனனான சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து அவனை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்ப வேண்டியிருந்ததாக விக்கிரமாதித்தனின் அவைப் புலவர் பில்கணர் எழுதுகிறார். அதுவும் நிலைக்கவில்லை, சிறிது காலத்தில் அவன் மாண்டான். முதலாம் இராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் குலோத்துங்கன் வேங்கி மரபிலிருந்து வந்து சோழ அரியணை ஏறினான். முறையான முடி இருந்தும் அதைத் தாங்கும் ஆள்பலம் இல்லாததுதான் அதிராசேந்திரனின் குறை.

பின்னாளில் நேர்ந்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு காட்டுவது இன்னும் வேதனையான நிலை. இரண்டாம் இராசராசனின் பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும். விக்கிரம சோழனின் பேரனைக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வரவழைத்து வாரிசாக்கினார்கள். அப்படியும் மன்னன் இறந்தபின் குழந்தைகளை அரண்மனையிலிருந்து பத்திரமான இடத்துக்கு அப்புறப்படுத்தும் பொறுப்பு பல்லவராயர் என்ற அதிகாரியின் தலையில் விழுந்தது.

குடும்பத்துக்குள் எழும் சண்டையைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளியே வளர்ந்துகொண்டிருந்த காடவர் போன்ற குறுநிலத் தலைவர்களை அது தொடவே இல்லை. மூன்றாம் இராசராசனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். 1231இல் அவனை மீட்க ஹொய்சளப் படை வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும், 1246இல், மூன்றாம் இராசேந்திரனுக்கு முறை தவறாமல் பட்டம் கட்டினார்கள். 1279க்குப் பின் அவன் பெயரும் கல்வெட்டுகளில் இல்லை.